அந்த அறைக்குள் யார் வரலாம்? நாவலில் இன ஒதுக்கலையும் தனிமையையும் ஆராய்ந்து கட்டுரை எழுத ஒரு முழு வழிகாட்டி

பாளையங்கோட்டைப் பக்கம் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும்போது, ‘இனப்பாகுபாடும் தனிமையும்’ என்பதை ஒருவராவது எடுத்துவிடுவார்கள். பார்க்க சுலபமான தலைப்பு. ஆனால் பாதி வழியில் வண்டி நின்றுவிடும். நிற்கிற இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் பக்கத்திலேயே ‘அவன் தனிமையில் வாடினான்’ என்று எழுதிவிடுவார்கள், மிச்சப் பக்கங்களில் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதைத் தவிர்க்க வேலையை ஒரு வரிசையில் செய்ய வேண்டும். ஒருவன் எங்கே படுக்கிறான், எந்த வாசல் வரை வரலாம், அவன் வாசலுக்கு யார் வருகிறார்கள் என்பதை முதலில் பிடிக்க வேண்டும். அவன் மனசு என்ன பாடுபடுகிறது என்பது அதற்கு அப்புறம். வரிசை மாறினால் கட்டுரை இரக்கக் கட்டுரையாகிவிடும்.

எடுத்துக்காட்டுக்கு ஜான் ஸ்டெய்ன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937) நாவலை வைத்துக்கொள்கிறேன். ஒரு பண்ணையின் கூலியாட்களைப் பற்றிய சின்ன நாவல், இரண்டு மூன்று தடவை முழுதாகப் படிக்க முடியும். வேறு நாவல் எடுத்தாலும் படிகள் இவைதான்.

1. உட்காரும் முன் கையில் வேண்டியவை

மூல நாவல் வேண்டும். சுருக்கமும் நோட்ஸும் போதாது. சுருக்கத்தில் ‘க்ரூக்ஸ் தனியாக வாழும் கறுப்பினத் தொழிலாளி’ என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு வேண்டிய ஆதாரம் எல்லாம் அந்த ஒரு வரியில் நசுங்கிப்போன சில்லறை விவரங்கள்தான்: கட்டில், ஜன்னல், மருந்துப் பாட்டில். கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

படம் பார்த்துவிட்டு எழுத உட்காராதீர்கள். படத்தில் காட்சியின் வரிசை மாறும், வசனம் குறையும். நாம் பார்க்கப்போவதே வரிசையைத்தான்.

ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா. ஒரு நிறம் இடத்துக்கு, இன்னொன்று பேச்சுக்கு. ஏன் இரண்டு என்பது 3ஆம், 6ஆம் படிகளில் தெரியும்.

அப்புறம், காலக்கணக்கை ஒரு அரைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது 1865. ‘தனித்தனியாக, ஆனால் சமமாக’ என்று பிரித்து வைப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது 1896. பள்ளிகளில் அது செல்லாது என்று அதே நீதிமன்றம் சொன்னது 1954. நாவல் இதில் எந்த இடத்தில் விழுகிறது என்று குறித்தால் போதும். இதை ஒரு தனி அத்தியாயமாக ஊதிப் பெருக்குவது பக்கத்தை நிரப்பும், மதிப்பெண்ணைக் கொண்டுவராது.

2. ஒரு நாவல், ஒரு ஆள்

‘இலக்கியத்தில் இனப்பாகுபாடும் தனிமையும்’ என்று நாலு நாவலை எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் கதைச்சுருக்கம் சொல்லவே நேரம் போய்விடும். ஒரு நாவலில் ஒரு ஆளை எடுங்கள். மற்ற நாவல்கள் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும், ஒரு பத்தி அளவுக்கு வரட்டும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கதாநாயகனைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. க்ரூக்ஸ் ஓரத்து ஆள். நாவலின் ஆறு பகுதிகளில் நான்காவதில்தான் அவன் கதவு நமக்குத் திறக்கிறது. அதுவரை பெரும்பாலும் அவனைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைத்தான் கேட்கிறோம். அந்த ஏற்பாடே உங்களுக்கு ஒரு குறிப்பு: பண்ணை அவனை எப்படி வைத்திருக்கிறதோ, கதையும் முதல் மூன்று பகுதிகளில் அப்படித்தான் வைத்திருக்கிறது.

3. அறையை வரையுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மொத்தக் கட்டுரையும் நிற்பது இதன்மேல்.

நோட்டில் பண்ணையின் படம் ஒன்று போடுங்கள். கூலியாட்கள் படுக்கிற நீளக் கொட்டகை, குதிரை லாயம், லாயத்துச் சுவரில் சாய்த்து இறக்கிய சின்னச் சாய்ப்பு. குதிரைச் சேணம் வைக்கிற அந்தச் சாய்ப்பில்தான் க்ரூக்ஸ் இருக்கிறான். கட்டில் என்பது வைக்கோல் நிரப்பிய பெட்டி. சுவரில் தைக்க வேண்டிய சேணங்கள் தொங்குகின்றன. அவனுக்கான மருந்துப் பாட்டில்களும் குதிரைக்கான மருந்துப் பாட்டில்களும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. இந்தக் கடைசி விவரத்தை நட்சத்திரம் போட்டு வையுங்கள். அவனை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்பதை நாவலாசிரியர் வாய் திறக்காமல் சொல்லிவிடுகிற இடம் அது.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் எழுதுங்கள். மற்றவர்களுக்கு மூட்டையில் கட்டுகிற அளவுக்குத்தான் சாமான். இவனுக்குத் தனி அறை. தோளில் சுமக்க முடியாத அளவுக்குப் பொருள் சேர்ந்திருக்கிறது. பூட்ஸ், அலாரம் கடிகாரம், துப்பாக்கி, கிழிந்த அகராதி, 1905ஆம் ஆண்டின் கலிபோர்னியா சிவில் சட்டப் புத்தகம். ‘அப்படியென்றால் இவன் வசதியாகத்தானே இருக்கிறான்?’ என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, மழுப்பாதீர்கள். பொருள் சேர்வதே அவன் போக இடமில்லாதவன் என்பதால்தான். முதுகு ஒடிந்தவன், கறுப்பன், லாயத்தோடு கட்டிப்போட்ட ஆள். மற்றவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவார்கள்.

படம் போட்டபின் மூன்று பத்தியாகக் கோடு கிழித்து ஒரு அட்டவணை எழுதுங்கள்: இடம், அவன் அங்கே வரலாமா, எப்போது. முதல் நிறப் பேனா இதற்குத்தான்.

வெளி முற்றத்தில் லாடம் எறிந்து விளையாடுகிறார்களே, அதில் அவன் சேரலாம். ஆட்டத்தில் கெட்டிக்காரன் வேறு. கொட்டகைக்குள் சீட்டாட வரக்கூடாது. வரக்கூடாததற்கு அவர்கள் சொல்கிற காரணம், அவன்மேல் நாற்றம் அடிக்கிறதாம். ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி மட்டும் உள்ளே விட்டார்கள்; அன்றைக்கும் ஒருத்தன் அவனோடு சண்டைக்கு வந்தான்.

இதை எழுதி முடித்ததும் ஒரு வடிவம் கண்ணில் படும். வெளியே என்றால் சரி, உள்ளே என்றால் இல்லை. பகலில் சரி, ராத்திரியில் இல்லை. வேலைக்கும் விளையாட்டுக்கும் அவன் வேண்டும். விளக்கு வைத்தபின் உட்கார்ந்து பேச வேண்டாம். ‘தனிமை’ என்ற சொல்லை இன்னும் எழுதவில்லை, பாருங்கள். ஆனால் அது எதனால் ஆனது என்று கைக்கு வந்துவிட்டது.

இந்தப் படி மற்ற நாவல்களிலும் ஓடும். ரால்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மேன்’ (1952) நாவலில் கதைசொல்லி வெள்ளையருக்கு மட்டும் வாடகைக்கு விடுகிற கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறான். மின்சாரத்தைத் திருட்டுத்தனமாக இழுத்து 1,369 பல்புகள் எரிக்கிறான். அங்கேயும் முதலில் நிலவறையை வரையுங்கள், தத்துவம் அப்புறம் வரட்டும்.

4. விதியைப் போட்டது யார்?

அட்டவணையில் ‘வரக்கூடாது’ என்று எழுதிய ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில், யார் தடுத்தார்கள் என்று எழுதுங்கள். சட்டமா, முதலாளியா, கூட வேலை செய்கிறவர்களா?

இங்கே வருகிற வழக்கமான பிழை: ‘ஜிம் க்ரோ சட்டத்தால் க்ரூக்ஸ் லாயத்தில் வாழ நேர்ந்தது’ என்று எழுதுவது. கறுப்பரைப் பிரித்து வைத்த ஜிம் க்ரோ சட்டங்கள் தென் மாநிலங்களின் கதை. இந்தப் பண்ணை இருப்பது கலிபோர்னியாவில், சொலெடாட் ஊருக்குப் பக்கத்தில். விடுதி, உணவகம் மாதிரிப் பொது இடங்களில் எல்லாக் குடிமக்களுக்கும் சம உரிமை என்று அந்த மாநிலம் 1897லேயே சட்டம் போட்டிருந்தது. அதற்காக கலிபோர்னியாவைப் புண்ணிய பூமி என்று எழுதிவிடாதீர்கள். வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்யத் தடை 1948 வரை அங்கே இருந்தது.

ஆனால் ‘சீட்டாட உள்ளே வராதே’ என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கூட உழைக்கிறவர்கள் சொன்னார்கள். அலமாரியில் சட்டப் புத்தகம் வைத்திருக்கிறவனுக்கு வழக்கத்தை எதிர்த்துப் போகச் சட்டத்தில் வழி இல்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுவதானால் இந்த இடத்தில் எழுதுங்கள். அறிமுகத்தில் ‘அவன் படித்தவன்’ என்பதற்கு ஆதாரமாக அதைச் செலவழித்துவிட்டால் வீண்.

இன்னொன்று. தடுக்கிறவர்கள் எப்போதும் எதிர்ப்பக்கத்து ஆட்களாக இருப்பதில்லை. டோனி மாரிசனின் ‘தி ப்ளூயஸ்ட் ஐ’ (1970) நாவலில் பெகோலா என்ற சிறுமி மிட்டாய் வாங்கப் போகிறாள். வெள்ளைக்காரக் கடைக்காரர் கண் அவள்மேல் நிற்கவே மாட்டேன் என்கிறது. காசை வாங்கும்போது அவள் கை படுமோ என்று தயங்குகிறார். அது ஒரு பக்கம். இன்னொரு காட்சியில், நிறம் கொஞ்சம் வெளுத்த, ‘மரியாதையான’ கறுப்பினப் பெண்மணி ஒருத்தி அதே சிறுமியைத் தன் வீட்டிலிருந்து விரட்டுகிறாள். இந்த இரண்டாவதை எழுதத் தயங்குகிறார்கள், கட்டுரையின் வாதம் கெட்டுவிடுமோ என்று. கெடாது. விதி எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் வலுவான சாட்சி.

5. அதே கதையில் தனியாக இருக்கிற மற்றவர்களை எடுத்து வையுங்கள்

இதைச் செய்யாத கட்டுரை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒரே கேள்வியில் சாய்ந்துவிடும். ‘இந்த நாவலில் எல்லோருமே தனியாகத்தானே இருக்கிறார்கள்? நிறத்துக்கு அதில் என்ன பங்கு?’

எல்லோரும் தனிதான், உண்மை. கேண்டி கிழவர், ஒரு கை போனவர். அவருடைய நாயை மற்றவர்கள் சுட்டுக் கொன்றபின் துணை இல்லை. பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவிக்கு நாவலில் பெயர்கூடக் கிடையாது. பேச ஆள் தேடிப் பண்ணை முழுக்க அலைகிறாள். பண்ணைக்குப் புதிதாக வந்த கூலியாள் ஜார்ஜ் ஒற்றையாளாகச் சீட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறான்.

அதனால் நாலு பேரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். ராத்திரி எங்கே படுக்கிறார்? யாரிடமாவது பேசப் போனால் என்ன நடக்கும்? பதிலுக்கு எதிர்த்துப் பேசினால் என்ன நடக்கும்?

கேண்டியின் நாய் செத்த ராத்திரியில்கூட அவர் கொட்டகைக்குள் தன் கட்டிலில்தான் படுத்திருக்கிறார், சுற்றிலும் ஆட்கள். அவர் துக்கத்துக்குக் கூரை பொது. கர்லியின் மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்றால் ஆண்கள் முகத்தைத் திருப்புவார்கள், முணுமுணுப்பார்கள், ஆனால் வந்து நிற்க அவளால் முடிகிறது. க்ரூக்ஸ் அந்த வாசலுக்கு வருவது வேலையாக மட்டும்தான்.

மூன்றாவது கேள்வியில்தான் வித்தியாசம் வெடிக்கிறது. தன் அறையைவிட்டு வெளியே போகும்படி க்ரூக்ஸ் அவளிடம் சொல்கிறான். உன்னை மரத்தில் தொங்கவிட எனக்கு ஒரு வார்த்தை போதும் என்கிற பொருளில் அவள் மிரட்டுகிறாள். அவளும் அந்தப் பண்ணையில் மதிப்பில்லாதவள்தான். ஆனால் அவள் கையில் அந்த ஒரு ஆயுதம் இருக்கிறது, அவனுக்கு எதிராக மட்டும் செல்லுபடியாகிற ஆயுதம். கேண்டியை அவள் அப்படி மிரட்ட முடியாது. நிறத்தின் பங்கு என்ன என்ற கேள்விக்கு உங்கள் பதில் இந்த ஒரு வேறுபாடுதான். அதை இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ‘யார் அதிகம் தனிமைப்பட்டவர்’ என்று போட்டி வைக்காதீர்கள். அளவு முக்கியமில்லை, காரணம்தான் முக்கியம். கேண்டிக்கு வயது, அவளுக்குக் கல்யாணம், இவனுக்கு நிறம். மூன்றும் வேறு வேறு வழியாக வந்து ஒரே அறையில் கூடுகின்றன.

6. கதவு திறந்த ராத்திரியை நிமிஷக் கணக்காகப் படியுங்கள்

நான்காம் பகுதி ஒரு சனிக்கிழமை ராத்திரி. உடம்பில் தெம்புள்ளவர்கள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டார்கள். இப்போது இரண்டாவது நிறப் பேனாவை எடுத்து, பேச்சை வரிசையாகக் குறியுங்கள்.

ஜார்ஜின் கூட்டாளி, குழந்தைப் புத்தியுள்ள லென்னி வாசலில் வருகிறான். உனக்கு இங்கே வர உரிமையில்லை என்கிறான் க்ரூக்ஸ். அப்புறம் விட்டுக்கொடுக்கிறான். அப்புறம் லென்னியைச் சீண்டுகிறான்: ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய் என்று. கேண்டி வருகிறார், இத்தனை காலம் ஒரே பண்ணையில் இருந்தும் இந்த அறைக்குள் வருவது இதுதான் முதல் தடவை. க்ரூக்ஸுக்குச் சந்தோஷம், அதைக் கோபத்தால் மறைக்கப் பார்க்கிறான். ஜார்ஜும் லென்னியும் கேண்டியும் சேர்ந்து நிலம் வாங்குகிற கனவைக் கேட்டு, கூலி வேண்டாம், நானும் வந்து வேலை செய்கிறேன் என்கிறான். கர்லியின் மனைவி வருகிறாள், மிரட்டுகிறாள். எல்லோரும் கிளம்பும்போது அவன் கேண்டியைக் கூப்பிட்டு, நான் சொன்னது விளையாட்டுக்கு என்று சொல்லிவிடுகிறான்.

வழக்கமாக மேற்கோள் காட்டுகிற இடம் நடுவில், ஆளில்லாவிட்டால் மனுஷன் பைத்தியமாகிவிடுவான் என்று அவன் புலம்புகிற பேச்சு. காட்டலாம், தப்பில்லை. ஆனால் அது அவனே வாயால் சொன்னது; சொல்லாமல் செய்தது அதைவிட வலுவானது.

லென்னியைச் சீண்டுவதை மறைக்காதீர்கள். பரிதாபம் குறைந்துவிடும் என்று அதை விட்டுவிடுகிறார்கள். வருஷக்கணக்காக ஒதுக்கப்பட்டவனுக்குக் கொஞ்ச நேரம் ஒரு அதிகாரம் கிடைக்கிறது, தன்னைவிட இளைத்தவன்மேல் அதைச் செலுத்துகிறான். ஒதுக்கல் உள்ளுக்குள் என்ன வேலை செய்கிறது என்று காட்டுகிற இடம் அது. கடைசியில் கனவைத் தானே திருப்பிக் கொடுப்பது அதன் அடுத்த கட்டம். இதற்குமேல் அவனை யாரும் தடுக்க வேண்டியதில்லை, அவனே கதவைச் சாத்திக்கொள்கிறான். ‘தனிமை’ என்ற சொல்லை முதன்முதலாக எழுத வேண்டிய இடம் இது என்பது என் கட்சி.

7. கதையைச் சொல்வது யார்?

சின்னப் படிதான், ஆனால் ஒரு பத்தி அவசியம். ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) எடுத்தவர்கள் இங்கே மாட்டுவார்கள். கதைசொல்லி ஸ்கவுட் என்ற வெள்ளைக்காரச் சிறுமி. உலகத்திலேயே ரொம்பத் தனியாள் என்று அவளுக்குத் தோன்றுவது பொய்ச்சாட்சி சொல்கிற மெயெல்லாவை. டாம் ராபின்சனின் மனசுக்குள் கதை ஒருபோதும் போவதில்லை. அதனால் ‘டாமின் தனிமை’ என்று அத்தியாயம் எழுத உட்கார்ந்தால் ஆதாரம் கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்று எழுதலாம், அது நல்ல அத்தியாயமாகவே வரும்.

8. நம்மூரை எங்கே கொண்டுவருவது

இரண்டாவது வாரத்திலேயே, “சார், இது அப்படியே நம்ம ஊரு கதைல்லா!” என்று வந்து நிற்பார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தைப் பார்த்து யார் என்ன ஆள் என்று கண்டுபிடிக்கிற ஊர் இது. 2023இல் சாதிப் பகையில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், அந்தக் கயிற்றைத் தடை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. தீண்டாமையை 1950லேயே அரசியலமைப்பு ஒழித்தாயிற்று. எழுதாத விதி என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனாலும் இதை முன்னாடியே கொண்டுவராதீர்கள். முன்னாடி வந்தால் நாவல் பின்னாடி போய்விடும், கட்டுரை தலையங்கமாகிவிடும். 3 முதல் 6 வரை முடித்தபின் ஒரு அத்தியாயம் ஒதுக்குங்கள். அதிலும் ‘இனமும் சாதியும் ஒன்றே’ என்று முடிச்சுப் போடாமல், எங்கே ஒத்துப்போகவில்லை என்று தேடுங்கள்.

பூமணியின் ‘பிறகு’ (1979) இதற்கு நல்ல ஜோடி. பழைய நெல்லை மாவட்டத்துக் கரிசல் காடு. அழகிரி தோல் வேலை செய்கிறவர். க்ரூக்ஸும் சேணம் தைக்கிறவன். இரண்டு பேர் கைவேலையும் ஊருக்கு வேண்டும், ஆள் வீட்டுக்குள் வேண்டாம். அதுவரை ஒற்றுமை. ஆனால் அழகிரிக்குக் குடும்பம் இருக்கிறது, தன் தெரு இருக்கிறது, சாயங்காலம் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறது. சாதி ஒரு தெருவையே சேர்த்து ஒதுக்குகிறது. க்ரூக்ஸுக்குப் பண்ணையில் இன்னொரு கறுப்பர் கிடையாது. சொலெடாடிலேயே ஒரே ஒரு குடும்பம்தான். ஒதுக்கல் இரண்டிலும் உண்டு, ஆளில்லாத தனிமை ஒன்றில்தான். இப்படி ஒரு வேறுபாடு கிடைத்துவிட்டால் அத்தியாயம் தேறிவிட்டது.

பாமாவின் ‘கருக்கு’ (1992) எடுக்கிறவர்கள் அதை நாவல் என்று எழுதாதீர்கள். தன்வரலாறு. ஒப்பிடும்போது அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

9. எழுதுகிற வரிசை

படித்த வரிசையிலேயே எழுதுங்கள்: அறை, விதி, மற்றவர்களோடு ஒப்பீடு, அந்த ராத்திரி, அப்புறம் நம்மூர். அறிமுகம் கடைசியில். முதலிலேயே அறிமுகம் எழுதினால் ‘காலம் காலமாக மனிதன்’ என்று ஆரம்பிப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

வரைவு முடிந்ததும் உணர்ச்சிச் சொற்களை வட்டமிடுங்கள். ‘க்ரூக்ஸ் இனவெறியால் மிகுந்த தனிமையை அனுபவித்தான்’ என்று ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டு, ‘பகலில் லாடம் எறிய அழைக்கப்படும் க்ரூக்ஸ், இருட்டியபின் சீட்டாட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை’ என்று எழுதுங்கள். முதல் வரியை நாவல் படிக்காதவரும் எழுதலாம். இரண்டாவதைப் படித்தவர்தான் எழுத முடியும். மதிப்பெண் போடுகிறவருக்கு அது தெரியும்.

நாவலில் வருகிற இழிசொற்களை மேற்கோளுக்குள் அப்படியே விடுங்கள். அதை யார் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள் என்பதே ஆதாரம். உங்கள் சொந்த வாக்கியத்தில் ‘கறுப்பினத்தவர்’, ‘கறுப்பர்’ என்றே எழுதுங்கள். ‘நீக்ரோ’ வேண்டாம், பழைய கைடுகளில் இருந்தாலும்.

10. வைவாவுக்கு

3ஆம் படியில் போட்ட படத்தையும் அட்டவணையையும் ஒரே தாளில் சுத்தமாக எழுதி, ப்ராஜெக்டின் பின்னிணைப்பில் சேருங்கள். ஒரு பிரதி கையிலும் இருக்கட்டும். வெளியிலிருந்து வருகிற தேர்வாளருக்கு முழுவதும் படிக்க நேரம் இருக்காது. தாளைப் பார்த்ததும் அதிலிருந்தே கேள்வி கேட்பார், அது உங்களுக்குத் தெரிந்த இடம்.

கட்டாயம் வருகிற கேள்வி 5ஆம் படியில் சொன்னதுதான். இன்னொன்றும் வரலாம்: ‘க்ரூக்ஸே யாரையும் அண்டவிடாத கர்வி என்று நாவல் சொல்கிறதே?’ சொல்கிறது. ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, அந்த வரி எந்த இடத்தில் வருகிறது என்று சொல்லுங்கள். அறையின் வர்ணனை முடிகிற இடத்தில், அவன் வாய் திறப்பதற்கு முன்னால். அங்கிருந்து, கேண்டி உள்ளே வந்தபோது அவன் சந்தோஷத்தை மறைத்த வரிக்குப் பக்கம் புரட்டிக் காட்டுங்கள். இரண்டு பக்கத்திலும் முன்கூட்டியே துண்டுக் காகிதம் செருகி வைத்துக்கொண்டு போனால் தேடித் தடுமாற வேண்டியிருக்காது.